டீச்சரிடம் கேளுங்கள்: வேலூர்க் கோட்டையைவிடச் சின்னத் தீவில் புயல் அடித்தால்

போன இதழில், பாம் என்ற புயல் பசிபிக் தீவுகளில் செய்த பெரிய அழிவைப் பற்றி நான்கே வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. குடியாத்தத்தில் முப்பத்தொரு வருஷம் புவியியல் நடத்தியவள் நான். உலகப் படத்தில் பசிபிக் பக்கம் வரும்போது பிள்ளைகள், "அங்கே ஒண்ணுமே இல்லையே டீச்சர், வெறும் நீலம்தானே" என்பார்கள். அந்த நீலத்துக்குள் இருப்பவர்களைப் பற்றித்தான் இந்தத் தடவை எல்லாப் பதில்களும். மற்ற கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் சொல்கிறேன்.

2024-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் வந்து நகராமல் நின்றுவிட்டது என்றார்கள். புயல் எப்படி நிற்கும்? நடுக்கடலில் ஒரு தீவுக்குப் பக்கத்தில் அப்படி நின்றால் அங்கே இருப்பவர்கள் கதி என்ன?
*வாழை விவசாயி, அணைக்கட்டு*

புயல் தானாக நடப்பதில்லை ஐயா. மோர்தானா அணை நிரம்பி வழியும்போது எங்கள் கௌண்டன்யா ஆற்றில் சுழி விழும். ஒரு தேங்காய் மட்டை அதில் மாட்டிக்கொண்டு சுற்றுவதைப் பாலத்தில் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சுற்றுவது சுழியின் வேலை, அதை இழுத்துக்கொண்டு போவது ஆற்றின் வேலை. புயலை இழுத்துக்கொண்டு போவது அதைச் சுற்றிப் பல கிலோமீட்டர் உயரம்வரை ஓடும் பெரிய காற்றோட்டம். அது பலவீனமாக இருந்தாலோ, இரண்டு பக்கமும் எதிரெதிராகத் தள்ளினாலோ, புயல் ஒரே இடத்தில் கிடந்து சுற்றும். ஃபெஞ்சலுக்கு அதுதான் நடந்தது. கரைக்கு வந்து மணிக்கணக்கில் நகரவில்லை. அப்புறம் மெல்ல உள்ளே வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருவண்ணாமலையில் மலை சரிந்து ஏழு உயிர் போனது.

தீவுக்குப் பக்கத்தில் நின்றால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு 2002 டிசம்பரில் ஒரு பதில் இருக்கிறது. துவாலு நாட்டுக்குக் கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு உண்டானது. அது தென்மேற்காக நகர்ந்து, கிறிஸ்துமஸ் அன்று புயலாகி, ஸோயி என்று பெயர் பெற்றது. இரண்டே நாளில் ஐந்தாம் வகைப் புயல் ஆகிவிட்டது, அதற்கு மேல் வகையே கிடையாது. டிசம்பர் 28-ம் தேதி மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் காற்று சுழன்றுகொண்டிருந்த நேரத்தில், தள்ளிக்கொண்டு போக வேண்டிய காற்றோட்டம் ஓய்ந்துபோனது. அனூட்டா, திக்கோப்பியா என்ற இரண்டு தீவுகளின் பக்கத்திலேயே புயல் ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டு, மறுநாள்தான் தென்கிழக்கே விலகியது.

இரண்டும் சாலமன் தீவுகள் நாட்டின் கிழக்குக் கோடியில் இருப்பவை. அனூட்டா எவ்வளவு பெரியது தெரியுமா? நம் வேலூர்க் கோட்டை 133 ஏக்கர். அனூட்டா அதைவிடச் சின்னது! அங்கே சுமார் 300 பேர் குடியிருக்கிறார்கள். திக்கோப்பியா ஐந்து சதுர கிலோமீட்டர், அன்றைக்கு அங்கே சுமார் 1,200 பேர். தலைநகரம் ஹோனியாரா ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. விமான நிலையம் கிடையாது. புயல் வந்ததும் தொடர்பும் அறுந்துபோனது. வெளியுலகத்துக்கு ஒரு சேதியும் இல்லை.

புத்தாண்டு சமயத்தில் ஜெஃப் மேக்லி என்ற நியூசிலாந்துப் புகைப்படக்காரர் திக்கோப்பியாவின் மேலே பறந்து படம் எடுத்தார். பச்சை என்று எதுவும் இல்லை, மரங்கள் மொட்டையாக நிற்கின்றன, கரையோர வீடுகள் மண்ணுக்குள். படத்தைப் பார்த்தவர்கள் நூற்றுக்கணக்கில் செத்திருப்பார்கள் என்றே நினைத்தார்கள். இரண்டொரு நாளில் அவரே ஹெலிகாப்டரில் போய் இறங்கினார். மக்கள் நடந்து வந்தார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை.

எப்படி? காற்று கூடக்கூட அவர்கள் மேட்டுக்கு ஏறி, குகைகளிலும் பாறை முகப்புகளின் அடியிலும் போய் ஒடுங்கிவிட்டார்கள். திக்கோப்பியா பழைய எரிமலை, அதனால் ஏற மலை இருந்தது. எங்கே ஏறுவது, எந்தப் பாறைக்கு அடியில் எத்தனை பேர் உட்காரலாம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தாத்தா பாட்டி காலத்திலிருந்து தெரிந்த சங்கதி. நிவாரணப் படகு வந்து சேர ஒரு வாரம் ஆனது. அதுவரை தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொண்டார்கள். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். இப்போதும் அப்படித்தான்.

நம் புயல் சுற்றும் திசைக்கு எதிராகத்தான் தென் பசிபிக் புயல் சுற்றுமா? ஏன்? பூமத்திய ரேகைமேல் இருக்கும் தீவுகளுக்கும் புயல் வருமா?
*பத்தாம் வகுப்பு மாணவர், ஆரணி*

ஆமாம் தம்பி. நமக்கு இடஞ்சுழி, அவர்களுக்கு வலஞ்சுழி. பூமி சுழல்வதால் வடபாதியில் ஓடும் காற்று தன் வலப்பக்கமாக ஒதுங்குகிறது, தென்பாதியில் இடப்பக்கமாக. நடுவில் காற்றழுத்தம் குறைந்த இடத்தை நோக்கி நாலா பக்கமிருந்தும் வரும் காற்று இப்படி ஒதுங்கி ஒதுங்கித்தான் சுழல் ஆகிறது. அட்லஸை எடுத்து ஒன்று பார். வேலூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 12.9 பாகையில் இருக்கிறது. திக்கோப்பியா தெற்கே 12.3 பாகையில். கிழக்கு மேற்கைக் கணக்கில் எடுக்காமல் ரேகையின் மேல் ஒரு கண்ணாடியை நிறுத்தினால் ஏறக்குறைய நமக்கு எதிரே அவர்கள். அவர்களுடைய புயல் காலம் நவம்பரில் தொடங்கி ஏப்ரல்வரை.

பூமத்திய ரேகையில் இந்த ஒதுக்கும் விசை பூஜ்யம். அதனால் அதன் இரண்டு பக்கமும் ஐந்து பாகைக்குள் புயல் உருவாவது மிக அபூர்வம். நவ்ரு, கிரிபாட்டி போன்ற நாடுகள் பெரும்பாலும் அந்தப் பட்டைக்குள் இருப்பதால் புயலின் கண் அவர்கள் தலைமேல் போவது அபூர்வம். ஆனால் அலைக்கு அந்தக் கணக்கு தெரியாது. 2015 மார்ச்சில் பாம் புயல் வனுவாட்டு என்ற தீவு நாட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது, அது கிளப்பிய அலைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடி துவாலுவிலும் கிரிபாட்டியிலும் ஊருக்குள் ஏறின. காற்று வீசாத ஊரில் கடல் ஏறி வந்து நின்றது. பரீட்சையில் "புயலின் பாதை" என்று கேட்டால் கோடு போடுவாய். அந்தக் கோட்டுக்கு வெளியேதான் துவாலு இருக்கிறது என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுது.

புயலுக்குப் பெயர் வைப்பது யார்?
*பேர்ணாம்பட்டு*

நம் கடலில் 13 நாடுகள் கொடுத்த பட்டியலிலிருந்து டெல்லியில் உள்ள மையம் வரிசைப்படி வைக்கிறது. நிவர் ஈரான் கொடுத்தது, மாண்டஸ் ஐக்கிய அரபு அமீரகம் கொடுத்தது, ஃபெஞ்சல் சவுதி அரேபியா. தென் பசிபிக்கில் நடுப்பகுதிக்கு ஃபிஜியில் நாடி என்ற ஊரில் உள்ள மையம் பொறுப்பு. அங்கே ஒரு புயல் பெரிய நாசம் செய்துவிட்டால் அந்தப் பெயரை மறுபடி யாருக்கும் வைக்க மாட்டார்கள். ஸோயி, பாம், வின்ஸ்டன் மூன்றும் அப்படி ஓய்வு கொடுக்கப்பட்டவை.

மலையே இல்லாத மணல் திட்டுத் தீவுகளில் எங்கே போய் ஒளிவார்கள்?
*வாசகி, வாலாஜாபேட்டை*

மரத்தில். நிஜமாகத்தான் சொல்கிறேன் அம்மா. குக் தீவுகளில் சுவாரோ என்று ஒரு பவள வளையம் உண்டு, கடல் மட்டத்துக்கு மேல் ஆளுயரம்தான் தேறும். 1942-ல் அங்கே ராபர்ட் டீன் ஃபிரிஸ்பி என்ற அமெரிக்கர் தன் நான்கு குழந்தைகளோடு தங்கியிருந்தார். புயல் வந்து கடல் தீவின் குறுக்கே ஓட ஆரம்பித்தபோது, குழந்தைகளைப் பெரிய தமானு மரங்களில் கயிறு போட்டுக் கட்டினார். அலை அடித்துக்கொண்டு போனது, கட்டு நின்றது, அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

தமானு என்றால் ஏதோ அந்நிய மரம் என்று நினைக்காதீர்கள். அது நம் புன்னை, அதே மரம். கடற்கரை மணலில் ஆழ வேர் விட்டு, உப்புக்கும் காற்றுக்கும் அசையாமல் நிற்கும். தென்னையை நம்பிக் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. தென்னைக்கு உச்சியில் ஒரே குருத்து. அது முறிந்தால் மரமே போச்சு.

இப்போது பல தீவுகளில் பள்ளிக்கூடம் அல்லது தேவாலயக் கட்டடம்தான் அடைக்கலம்.

நீங்கள் எழுதிய பாம் புயலில் வனுவாட்டுவில் இறந்தவர்கள் சுமார் 15 பேர்தான். இங்கே நெடுஞ்சாலையில் ஒரு விபத்தில்கூட அவ்வளவு பேர் போகிறார்கள். இதைப் பெரிய அழிவு என்று ஏன் சொல்ல வேண்டும்?
*வாசகர், காட்பாடி*

நீங்கள் கேட்டது தப்பில்லை, செய்தித்தாள் நம்மை அப்படிப் பழக்கியிருக்கிறது. சாவு எண்ணிக்கையைப் பார்த்துத்தான் செய்தி முதல் பக்கமா ஏழாம் பக்கமா என்று முடிவாகிறது. தீவுகளில் அந்தக் கணக்கு உதவாது. நான் பிள்ளைகளுக்குச் சொல்வது: செத்தவர்களை எண்ணி முடித்ததும், அடுத்த விளைச்சலுக்கு எத்தனை மாதம் என்று எண்ணு.

2020 நவம்பரில் நிவர் புயல் கரையேறி நம் மாவட்டத்தின் வழியாகப் போனது நினைவிருக்கும். ஒடுகத்தூர் பக்கம் என் நாத்தனாருக்கு வாழைத் தோட்டம். மழை விட்ட மறுநாள் காலையில் போனேன். தார் தள்ளிய மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்திருந்தன. காய் விரல் மொத்தம்தான் இருந்தது, இன்னும் திரளவில்லை. நாத்தனார் அழவில்லை, என்னோடு பேசவும் இல்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு மரத்தின் அடியிலும் குனிந்து, பக்கக்கன்று நசுங்காமல் இருக்கிறதா என்று சேற்றைக் கையால் விலக்கிப் பார்த்துக்கொண்டே போனார். நல்ல கன்று கண்டால் அதன் பக்கத்தில் ஒரு குச்சி நட்டார். அந்தக் கன்று தார் தள்ளி வெட்டுக்கு வர ஒரு வருஷம். ஆனால் அந்த ஒரு வருஷம் ரேஷன் அரிசி இருந்தது, சந்தை இருந்தது, என் தம்பி திருப்பூரிலிருந்து பணம் அனுப்பினான்.

இப்போது வனுவாட்டுவுக்கு வாருங்கள். 2015 மார்ச் 13 ராத்திரி பாம் தலைநகரம் போர்ட் விலாவை ஒட்டிக் கடந்து, தெற்கே எர்ரோமாங்கோ, தன்னா தீவுகளை நோக்கிப் போனது. காற்று மணிக்கு 250 கிலோமீட்டர். அந்த நேரத்தில் அந்நாட்டு அதிபர் பால்ட்வின் லான்ஸ்டேல் ஜப்பானில் செண்டாய் நகரத்தில், பேரிடர் ஆபத்தைக் குறைப்பது பற்றிய ஐ.நா. மாநாட்டில் இருந்தார். அங்கிருந்தபடியே உலகத்திடம் உதவி கேட்டுக் கண் கலங்கினார்.

முன்னெச்சரிக்கை சேர்ந்தது, மக்கள் பத்திரமான இடத்துக்குப் போனார்கள், அதனால்தான் சாவு குறைவு. அது அந்த மக்களின் கெட்டிக்காரத்தனம், புயலின் கருணை இல்லை. மறுநாள் விடிந்தபோது வாழை, ஈரப்பலா, மரவள்ளி, காய்கறி எல்லாம் போயிருந்தன. அந்த நாட்டில் பெரும்பாலோர் தங்கள் தோட்டத்தில் விளைவதைத்தான் சாப்பிடுகிறார்கள். தன்னாவில் தோட்டம்தான் ரேஷன் கடை, தோட்டம்தான் சந்தை. மண்ணுக்கு அடியில் இருக்கும் கிழங்கை வைத்துச் சில வாரம் ஓட்டலாம். ஒரு புது ஈரப்பலா கன்று நட்டால் காய்க்க மூன்று நான்கு வருஷமாவது ஆகும்.

துவாலுவில் நிலைமை இன்னும் வேறு. அங்கே மண் கிடையாது, பவள மணல்தான். அடியில் உள்ள நல்ல தண்ணீர் தட்டும் அளவுக்குக் குழி தோண்டி, அதில் இலை தழை போட்டு உரமாக்கி, சேம்பு வகையில் ஒரு பெரிய கிழங்கை வளர்க்கிறார்கள். புலாக்கா என்று பெயர். தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் காத்துவரும் குழிகள் அவை. பாமின் அலை அதற்குள் கடல்நீரைக் கொண்டுவந்து கொட்டியது. உப்பு ஏறிய குழி தேற வருஷக்கணக்கு ஆகும். துவாலுவில் சாவு எண்ணிக்கை என்று எழுத எதுவும் இல்லை. ஆனால் அந்தக் குழியின் ஓரத்தில் நிற்கும் கிழவியிடம் போய் இது பெரிய அழிவு இல்லை என்று யார் சொல்வது?

திக்கோப்பியாவுக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்விக்கான பதிலின் மறுபாதி அங்கேதான் இருக்கிறது. ரேமண்ட் ஃபிர்த் என்ற மானுடவியல் அறிஞர் 1928-ல் அங்கே போய் ஒரு வருஷம் தங்கினார். 1952-ல் அவர் திரும்பிப் போனபோது புயல் அடித்து ஓய்ந்திருந்தது, பஞ்சம் தொடங்கியிருந்தது. புயலில் பிழைத்தவர்கள் அப்புறம் பசியில் வாடியதை அவர் நேரில் பார்த்தார்.

அந்த மக்கள் பசிக்கு என்ன ஏற்பாடு வைத்திருந்தார்கள் என்பது கேட்கக் கேட்க ஆச்சரியம். ஈரப்பலா நிறையக் காய்க்கும் காலத்தில் அதைத் தோல் சீவி, இலை பரப்பிய குழியில் போட்டு மூடி, மேலே கல் வைத்துவிடுவார்கள். உள்ளே அது புளித்து மாவாகிவிடும். மாதக்கணக்கில், ஏன் வருஷக்கணக்கில்கூடக் கெடாது. மாசி என்று அதற்குப் பெயர், நம் மாசி மாதம் போலவே ஒலிக்கும். வேண்டும்போது எடுத்துச் சுட்டுத் தின்பார்கள். புளித்த வாசனை தூக்கும் என்கிறார்கள். பழைய சோறும் நீராகாரமும் தெரிந்த நமக்கு அது புரியாத வாசனையாக இருக்காது. எங்கள் பாட்டி வீட்டில் மூலையில் மண் குதிர் இருந்தது. அடுத்த கேழ்வரகு களத்துக்கு வரும்வரை குதிரின் அடி தெரிய விட மாட்டாள். மண்ணுக்குள் இருக்கும் குதிர்தான் மாசிக் குழி. மேலே எவ்வளவு காற்று அடித்தாலும் அதை ஒன்றும் செய்ய முடியாது.

ஸோயி ஒரு காரியம் செய்தது. திக்கோப்பியாவின் நடுவில் ஒரு நன்னீர் ஏரி, அதற்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் கரை. புயல் அந்தக் கரையை உடைத்துக் கடலை உள்ளே விட்டது. ஏரி உப்பாகிப் போனது, ஏரி மீனும் சுற்றியிருந்த பயிரும் கெட்டன. 2006-ல்தான் கம்பி வலைக் கூடைகளில் கல்லை நிரப்பி அடுக்கி அந்த உடைப்பை அடைத்தார்கள், வெளியிலிருந்து வந்த தன்னார்வலர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து. ஏரிக் கரை உடைந்தால் என்ன ஆகும் என்று நம் வட ஆர்க்காட்டுக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1903 நவம்பரில் மேலே மைசூர்ச் சீமையில் ஏரிகள் உடைந்து பாலாற்றில் வந்த வெள்ளம் வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போனதற்கான நினைவுத்தூண் இன்னும் அங்கே நிற்கிறது.

ஸோயியில் செத்தவர்கள் பூஜ்யம். அந்த ஏரிக்கு ஆனது நான்கு வருஷம்.

என் தாத்தாவின் அண்ணன் கரும்புத் தோட்ட வேலைக்கு ஃபிஜி போனவர், திரும்பவே இல்லை என்று வீட்டில் சொல்வார்கள். ஃபிஜியில் பெரிய புயல் அடித்ததாகப் படித்தேன். நம் ஆட்கள் இருக்கும் பக்கம் அடித்ததா?
*வாசகி, ராணிப்பேட்டை*

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் அம்மா. 1903 முதல் 1916 வரை சென்னையிலிருந்து கப்பல்கள் ஃபிஜிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போயின. ஐந்து வருஷ ஒப்பந்தம். தென்னிந்தியாவிலிருந்து போனவர்களில் வட ஆர்க்காட்டு ஜில்லாக்காரர்கள்தான் மிக அதிகம். ஆகவே உங்கள் வீட்டுக் கதை வெறும் கதையாக இருக்க வேண்டியதில்லை.

நீங்கள் படித்தது வின்ஸ்டன் புயலாக இருக்கும், 2016 பிப்ரவரி. அதன் பாதையைப் பார்த்தால் தலை சுற்றும். வனுவாட்டு அருகே பிறந்து, தென்கிழக்கே போய், திரும்பி டோங்கா நாட்டின் வாவாவு தீவுகளைத் தாண்டி, கொஞ்சம் நின்று, வந்த வழியே மேற்கே திரும்பி வாவாவுவை இரண்டாம் முறை அடித்து, பிப்ரவரி 20 சனிக்கிழமை ஃபிஜிக்கு வந்தது. ஒருமுறை போய்விட்டது என்று மூச்சு விட்டவர்கள் மேல் மறுபடி வந்த புயல். அதன் நடுவில் காற்றழுத்தம் 884 மில்லிபார், பூமியின் தென்பாதியில் அதுவரை பதிவானதில் அதுதான் மிகக் குறைவு. கோரோ போன்ற சின்னத் தீவுகளைத் துவைத்துவிட்டு, அன்று மாலை பெரிய தீவான விட்டி லெவுவின் வடகரையில் ரக்கிராக்கி பக்கம் ஏறியது. மொத்தம் 44 பேர் இறந்தார்கள்.

ரக்கிராக்கி, தவுவா, பா: இந்த வடகரை முழுக்கக் கரும்புச் சீமை. நம் ஊர்களிலிருந்து போனவர்களின் பேரன் பேத்திகள் அங்கே இருக்கிறார்கள். ஆமாம், நம் ஆட்கள் இருக்கும் பக்கம்தான் அடித்தது. ரக்கிராக்கியில் பெனாங் என்ற சர்க்கரை ஆலை இருந்தது, புயலில் உடைந்த அது அப்புறம் ஓடவே இல்லை. திருவலம் பக்கம் கரும்பு போடுகிறவர்களைக் கேளுங்கள், பக்கத்து ஆலை மூடினால் வெட்டிய கரும்பை லாரியில் எவ்வளவு தூரம் கொண்டுபோக வேண்டியிருக்கும், வழியில் எடை எவ்வளவு குறையும் என்று.

ஒரு விஷயம் உங்களுக்கு உதவலாம். கப்பல் ஏறிய ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்றச் சீட்டு எழுதினார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், உடம்பில் உள்ள அடையாளம், ஜில்லா, தாலுகா, கிராமம் வரைக்கும் அதில் இருக்கும். அவற்றின் பதிவுகள் ஃபிஜியின் தலைநகரம் சுவாவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெயரை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், அதனால் பெயரைவிடக் கிராமத்தைப் பிடித்துத் தேடுவது நல்லது. உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால், தாத்தாவின் தகப்பனார் பெயரையும், அந்தக் காலத்தில் எந்தக் கிராமம், எந்தத் தாலுகாவில் இருந்தது என்பதையும் கேட்டு ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். காப்பகத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.